கோணக்காய் விதை

ஜனவரி 11

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். ரத்த அழுத்தம் நேற்று நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்று மருந்துக்கடைக்காரரின் கருவி சொன்னது. அந்தக் கருவியை நான் நம்பவில்லை, அதனால் நலம் என்றே எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் கடையில் நாள் முழுக்க மிஷின் மிதிப்பதைக் குறைத்தீர்களா?

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் காது போனோடு ஒத்துப்போவதில்லை. மகனே இப்போது குரலில் பேசுவதை விட்டுவிட்டு, ‘எல்லாம் ஓகேப்பா’ என்று எழுத்தில் அனுப்பிவிடுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் கல்யாணத்தின்போது நீங்கள் கொடுத்த கோணக்காய் விதையில் சென்ற வருஷம் ஆறு செடி வளர்த்தேன். மொத்தம் நூற்று நான்கு காய். சராசரி எழுபத்திரண்டு கிராம். முப்பத்தைந்து வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன், கை சும்மா இருக்குமா? கடையில் விற்கிற குண்டுக் குடைமிளகாயை இனி நான் தொடமாட்டேன். இது முழங்கை மாதிரி வளைந்து, சிவக்கப் பழுத்து, கடித்தால் பழத்தின் இனிப்பு. மிளகாய்தான் என்று சத்தியம் செய்தும் பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் நம்பவில்லை.

ஒரே ஒரு தப்பு நடந்துவிட்டது. பழுத்துச் சுருங்கினால் எடை குறைகிறதே என்று, விதைக்கு ஒதுக்கிய காய்களைப் பச்சையிலேயே பறித்துவிட்டேன். முப்பது விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தயவுசெய்து மறுபடி கொஞ்சம் விதை அனுப்புங்கள்.

மே மாதம் பிள்ளைகள் இருவரும் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

நாற்பது நாள் கழித்துப் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் மொத்தமாக வந்து தலைமேல் விழுந்தது. முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. உங்கள் அழுத்தத்தை வேறு கருவியில் பாருங்கள். கருவி மேல் பழி போட்டுவிட்டு உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

விதைக்காயைத் தராசில் நிறுத்துப் பறித்த முதல் ஆள் உலகத்திலேயே நீங்கள்தான். கடைக்கு வந்த பெண்களிடம் சொன்னேன், ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். விதைக்கு விடுகிற காய் செடியிலேயே சிவந்து, தோல் சுருங்கி, பார்க்கவே பாவமாக ஆக வேண்டும். அதற்கப்புறம் பறிக்க வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் சட்டை தைக்க வந்த ஒரு நர்ஸ் கொடுத்த ஒரே பழத்திலிருந்து வந்தது இது. நர்ஸும் இல்லை, அவர் தோட்டமும் இல்லை. எனக்குத் தெரிந்து வேறு எவரிடமும் இந்த விதை கிடையாது. இதைக் காப்பாற்ற ஒரே ஒரு சட்டம்தான். காம்பவுண்டுக்குள் காரமிளகாய்ச் செடி வரக் கூடாது. வந்தால் தேனீ இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் நடந்து சம்பந்தம் பேசிவிடும். அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, இனிப்பாகவே இருக்கும். அதன் விதையைப் போட்டால் அடுத்த வருஷம் வாய் எரியும். அதனால்தான் இத்தனை வருஷமாகப் பச்சைமிளகாய்க்குக் கடைக்கு நடக்கிறேன்.

நாற்பது விதை, மல்துணிப் பொட்டலத்தில் தைத்து வைத்திருக்கிறேன். பிரித்து நிறுக்காதீர்கள்.

உங்கள் மருமகள் பாப்பா நலம். இப்போதெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 30

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நலம். கருவியை மாற்றினேன், எண் மாறவில்லை. உப்பைக் குறைத்திருக்கிறேன்.

நாற்பதில் முப்பத்தாறு முளைத்தன. எட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களைந்தேன். டீச்சர் நாற்று கேட்டார், வீட்டுச் சுவரோரம் காரச்செடி வைத்திருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் சட்டத்துக்காக நான் கொடுத்த விலை இது. அவருடைய செடிக்கும் என் பாத்திக்கும் இடையில் அவர் வீடும் ஒரு சந்தும் இருக்கின்றன, போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். எட்டில் ஐந்து செடிக்குத் தண்டின் கணுவில் ஊதா நிறம் படர்ந்திருக்கிறது. சென்ற வருஷம் ஆறும் முழுப் பச்சையாக இருந்தன, குறித்து வைத்திருக்கிறேன். இது என்ன?

மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததில் நிம்மதி. இவன் இந்த மாதிரி விவரமெல்லாம் எழுதமாட்டான். உங்களிடம் அவள் தினமும் பேசுகிறாள் போலிருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 5

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம். நலம், நலமாக இருங்கள்.

கடிதம் இன்று காலைதான் வந்தது. கணுவில் ஊதா வருவது சில சமயம் குளிரால் இருக்கும், மண்ணாலும் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஐந்தையும் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். மூன்று செடி உங்கள் ஒருவருக்குத் தாராளம்.

மறக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மே 28

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நலம். உங்கள் முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிடுங்கவில்லை. முடிவு தெரியாமல் பொருளை அழிப்பது எங்கள் துறையில் வழக்கமில்லை. அந்த ஐந்தும் இப்போது பூத்திருக்கின்றன. இதழின் ஓரம் ஊதா. மற்ற மூன்றில் வெள்ளைப் பூ. ஒரே பொட்டலத்து விதை, ஒரே மண், ஒரே வெயில். குளிர் எப்போதோ போய்விட்டது.

மகன் வந்துவிட்டுப் போனான். தனியாகத்தான் வந்தான். ‘அவ வரலயா?’ என்று கேட்டேன். ‘ட்ரெய்னிங்ப்பா, லீவு கிடைக்கல’ என்றான். இரண்டு நாளும் நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்காரச் சொன்னால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கிளம்பும்போது செடிகளைப் பார்த்தவன், ஊதாப் பூவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். ‘இது எங்கிருந்துப்பா வந்தது?’ என்றான். உன் மாமியார் கொடுத்த விதை என்றேன். பையை எடுத்துக்கொண்டான்.

பயிற்சி எந்த ஊரில், எத்தனை நாள் என்று மருமகளிடம் கேட்டு எழுத முடியுமா?

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 30

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

சென்ற கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன்.

ஊதாப் பூச் செடியில் முதல் காய் பழுத்தது. பதினெட்டு கிராம். நுனியைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து, விக்கல் எடுத்து, அரைக் கிலோ தயிரைக் காலி செய்த பிறகுதான் பேச்சு வந்தது. ஐந்து செடியும் அப்படியே. வெள்ளைப் பூச் செடிகளின் காய் வழக்கம்போல் இனிக்கிறது.

நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். இந்தக் காரம் சென்ற வருஷம் உங்கள் தோட்டத்தில் விதையில் ஏறியது. ஏற்றிய செடி ஊதாப் பூ பூக்கிற காரமிளகாய். அந்த மாதிரி செடியை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தனி வீடு போனபோது, மருமகளுக்கென்று நர்சரியில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கருத்த இலை, மேலே பார்த்து நிற்கிற குட்டிக் காய். ‘இது அழகுக்குத்தான் சார், வாயில வச்சிடாதீங்க’ என்று விற்றவர் சொன்னார். அவர்கள் பால்கனியில் இருந்த அந்தத் தொட்டி, சென்ற வருஷம் பூக்கிற நாளில் உங்கள் காம்பவுண்டுக்குள் இருந்திருக்கிறது. தொட்டிக்குக் கால் கிடையாது.

மருமகள் உங்களோடு எவ்வளவு நாளாக இருக்கிறாள்?

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 19

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வாய் எரிந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். ஐம்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா சென்ற வருஷம் ஜூன் மாதம் வந்தாள். பதினான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமை மதியம், நான் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஒரு சூட்கேஸ், மடியில் அந்தத் தொட்டி. ‘மத்த சாமானெல்லாம் எங்கடீ?’ என்றேன். ‘அதெல்லாம் அங்க இருக்கட்டும்மா. இது மாமா எனக்குன்னு வாங்கிக் கொடுத்தது’ என்றாள்.

இங்கே காரச்செடி கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்தில் வளர்ந்த பெண். தொட்டியை இறக்கி வைக்காமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, நீ உள்ளே வா, தொட்டி வெளியே இருக்கட்டும் என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். பாத்தியிலிருந்து பதினோரு எட்டு. தேனீக்கு அது ஒரு தூரமா?

பூவுக்குத் துணிப்பை தைத்துக் கட்டியிருக்கலாம், ஊருக்கெல்லாம் தைக்கிறவள்தானே. அந்த மாதங்களில் பாப்பா ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றிருந்தேன். பூவை யார் பார்த்தார்கள்? காய் பழுத்ததும் எப்போதும்போல விதை எடுத்து, எப்போதும்போலப் பழைய விதையோடு ஒரே பாட்டிலில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் தொட்டி ஞாபகம் வந்தது. எது நல்லது, எது கலந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் உங்களுக்கு அனுப்பினேன். விதை இல்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று கேட்டால் பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவேளை நல்லதாகவே போய்விடும் என்று வேண்டிக்கொண்டு பொட்டலத்தைத் தைத்தேன். பாப்பா வந்த அன்று அழாதவள், உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முப்பது வருஷம் போய்விட்டது, அதை நானே என் கையால் செய்தேன்.

ஏன் வந்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் எழுதமாட்டேன். உங்கள் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


அக்டோபர் 3

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உடல்நலம் பற்றி இந்த முறை எழுத ஒன்றுமில்லை. உங்கள் நலம் விரும்புகிறேன்.

மகனைப் போய்ப் பார்த்தேன். அவன் வீட்டில் ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் வெளியே இருந்தன. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியில், பெண் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று மேலே எழுதி ஒட்டியிருந்தான். கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். நான் கிளம்பவில்லை. மூன்றாம் நாள் சொன்னான்.

‘எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு இருந்தேன்ப்பா. நீங்க எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டு வந்து நின்னீங்க. உங்க முன்னாடி எனக்கு வாய் வரல. ரெண்டு வருஷம் அவகிட்ட நடிச்சேன். அவ கண்டுபிடிச்சுட்டா. என்கிட்ட சண்டை போடல, அழல. உனக்கு நான் வேண்டாம்னா நான் எதுக்கு இங்க இருக்கேன்னு கேட்டா. அப்புறம் சூட்கேஸை எடுத்துட்டுக் கிளம்பிட்டா.’

நீங்கள் ஏன் எழுத மறுத்தீர்கள் என்று அப்போது புரிந்தது. பெண் கேட்டு உங்கள் கடைக்கு நான் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நீங்கள் ஒன்றே சொன்னீர்கள். ‘பையன்கிட்ட தனியா ஒரு தடவை கேட்டுடுங்க.’ என் பையனை எனக்குத் தெரியாதா என்று சிரித்தேன். ஊரார் தராசில் ஒரு கிராம் குறைந்தால் முத்திரை வைத்து மூடியவன், வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் பெண்ணின் இரண்டு வருஷம் என்னால் போனது. வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இதனுடன் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி வைத்திருக்கிறேன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் ஒரு மாதிரியை எடுத்து, தேதி போட்டு, அரக்கு வைத்து மூடிவிடுவது என் வேலைப் பழக்கம். நீங்கள் முதலில் கொடுத்த பொட்டலத்திலிருந்து பன்னிரண்டு விதையை அப்படி மூடி வைத்தேன். மாதிரியை உடைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி, ஆகவே ஜனவரியில் உங்களிடம் விதை கேட்டபோதுகூட அது என் கணக்கில் வரவில்லை. தொட்டி வருவதற்கு முன்னால் எடுத்தது. பழையதுதான், பாதி முளைத்தாலே பெரிது. ஆனால் சுத்தமானது. உங்கள் முப்பது வருஷம் இதில் இருக்கிறது.

இனி நான் விதை கேட்டு எழுதமாட்டேன். உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அவர்கள் போட்டிருக்கும் விவாகரத்து வழக்கு முடிந்தால் நாம் ஒருவருக்கொருவர் யாருமில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் பெண் கேட்டு வந்தவன்


நவம்பர் 14

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

முறை சொல்லித்தான் கூப்பிடுவேன். வழக்கு அவர்கள் இருவருக்கும்தான். உங்கள் மேலும் என் மேலும் யாரும் கேஸ் போடவில்லை.

நான் நலம். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் உடம்பைப் பற்றி எழுதாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கடிதத்தில் எண்ணோடு எழுதுங்கள்.

இரண்டு தடவை சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லையே? எனக்கும் அவசரம்தான். மாப்பிள்ளை நல்ல வேலை, மாமனார் நேர்மையான ஆள் என்று புடவையைக்கூட எடுத்துவிட்டேன். பழியை முழுசாக நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பாதியை இங்கே இறக்குங்கள். பாப்பாவுக்குக் கோபம் உண்டு, அது உங்கள் மகன் மேல். இப்போது கடையில் கணக்கும் வெட்டும் அவள்தான். என்னைவிட நன்றாக வெட்டுகிறாள்.

குப்பியைத் திறக்கவில்லை. இதனுடன் திருப்பி அனுப்புகிறேன்.

யோசித்துத்தான் அனுப்புகிறேன். விதையை இங்கே போட்டால், பாப்பாவின் தொட்டியை என்ன செய்வது? அவளாகவே சொன்னாள். ‘அம்மா, இதை யார்கிட்டயாவது கொடுத்துடறேன்.’ கூடாது என்றுவிட்டேன். அந்த வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது அது ஒன்றுதான். விதைக்காக அதை வெளியே அனுப்பமாட்டேன். அது இப்போது இடுப்பளவு வளர்ந்து புதர் மாதிரி நிற்கிறது. அதன் காயைத்தான் குழம்புக்குப் போடுகிறோம், கடைக்கு நடப்பது மிச்சம்.

ஆக, கோணக்காய்க்கு இங்கே இடமில்லை, பதினோரு எட்டில் காரத்தை வைத்துக்கொண்டு துணிப்பையை மட்டும் நம்ப முடியாது. உங்கள் காம்பவுண்டில் காரம் கிடையாது. அந்த ஐந்து செடியையும் பிடுங்கிவிட்டு, அவற்றோடு பூத்த வெள்ளைப் பூச் செடிகளின் விதையையும் எடுக்காமல், இந்தப் பன்னிரண்டை மட்டும் நீங்கள் போடுங்கள். பூவுக்குக் கட்ட மல்துணிப் பை இருபத்தைந்து தைத்திருக்கிறேன். சுருக்குக் கயிறு பாப்பா கோத்தது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூன் 22

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நலம். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்தாறு. இந்தக் கருவியை நானே சோதித்துவிட்டேன்.

மார்ச்சில் கோர்ட்டு வராந்தாவில் உங்களோடு சரியாகப் பேச முடியவில்லை. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள், அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த உங்கள் பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. ‘மாத்திரை சாப்ட்டீங்களா மாமா?’ என்று இரண்டாவது முறை கத்தினாள், வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலையை ஆட்டினேன். உண்மையில் அன்று சாப்பிடவில்லை. அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பன்னிரண்டில் ஐந்து முளைத்தது. ஒன்றை நத்தை தின்றது. நான்கு செடி நிற்கின்றன. கணு பச்சை, பூ வெள்ளை. டீச்சர் வீட்டுச் சுவரோரச் செடியைப் பற்றி இந்த முறை சும்மா இருக்கவில்லை, போய்ப் பேசினேன். தினமும் காலையில் நானே பச்சைமிளகாய் வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பதென்று ஒப்பந்தம், அவர் செடியை எடுத்துவிட்டார். ஒரு நாள் தாமதமானாலும் வாசலில் வந்து நிற்கிறார். பூவுக்கெல்லாம் உங்கள் பைகளைக் கட்டினேன். தெருவில் போகிறவர்கள் செடிக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

நேற்று நான்கு செடியிலும் ஒவ்வொரு பழத்தைக் கடித்துப் பார்த்தேன். நான்கும் இனிப்பு. மகன் வந்திருந்தான், அவனுக்கும் கொடுத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் சொல்வதையெல்லாம் இப்போது குறுக்கே பேசாமல் கேட்கிறேன். காது கேட்கிற அளவுக்குக் கேட்கிறேன்.

பெட்டியில் பதினான்கு பழம் அனுப்பியிருக்கிறேன், எடை போடவில்லை. முப்பது விதையும் தனியாக இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். காய்க்கு அதனால் ஒன்றும் வராது, இனிப்பாகவே காய்க்கும். அதிலிருந்து விதை மட்டும் எடுக்காதீர்கள். தொட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். விதையை வருஷா வருஷம் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி